கொண்டு வந்து விட்டவர் யார்?

வாசகர் கேள்விகளுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாழும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பாவைப் பெற்ற பாட்டி பினாங்கு லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட்டின் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1950இல் தாத்தாவுக்குக் கல்யாணம் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம் நடந்தது தாத்தா ஊர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலில். தாத்தா சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பாட்டியின் ஐசியில் (அடையாள அட்டையில்) தெரேசா, தகப்பன் பெயர் ஜோசப் என்று இருக்கிறது. இரண்டுமே சிஸ்டர்கள் வைத்த பெயர்கள் என்று பாட்டி சொல்வார். மூன்று நான்கு வயதில் ரயிலில் வந்தது, பிறகு கடலைத் தாண்டியது, வந்த அன்று காதிலிருந்த தோட்டை ஒரு சிஸ்டர் கழற்றிப் பொட்டலம் கட்டி வைத்தது, இவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். பாட்டி காலமாகி இருபது வருடம் ஆகிறது. அவருடைய தாய் தகப்பன் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? கான்வென்ட்டுக்கு எழுதிக் கேட்கலாமா?
வாசகி, கோலகங்சார்

பதில்: அம்மா, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தத் தோடு என்னை நிறுத்திவிட்டது. உங்கள் பாட்டிக்கு யாரோ காது குத்தியிருக்கிறார்கள். காதுகுத்து என்றால் நம் தோட்டங்களில் என்ன நடக்கும்? பிள்ளைக்கு மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, பத்தரைக் கூப்பிட்டுக் குத்துவார்கள். சொந்த மாமன் இல்லாவிட்டால் மாமன் முறையில் ஒருவரைத் தேடிப் பிடித்தாவது உட்கார வைப்பார்கள். ஆகவே உங்கள் பாட்டி பிறந்த கையோடு வாசலில் போடப்பட்ட பிள்ளை இல்லை. அவரைச் சுற்றி ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. ஒன்றிரண்டு வருடமாவது அது அவரைச் சீராட்டியிருக்கிறது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ரயில். அந்தக் காலத்தில் ரயில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊர் வரைக்கும்தான். அங்கிருந்து பெர்ரியில் ஏறித் தீவுக்குப் போக வேண்டும். பாட்டி சொன்ன கடல் அதுதான். ரயிலில் வந்த பிள்ளை தீவில் பிறந்ததாக இருக்க முடியாது. இரண்டு திசைகள்தான் மிச்சம். ஒன்று, ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங், பாகான் செராய் என்று பேராக்கிலிருந்து ஏறி வரும் பாதை. இன்னொன்று, அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி வழியாகக் கெடாவிலிருந்து இறங்கி வரும் பாதை. இரண்டும் புக்கிட் மெர்த்தாஜாமில் சேர்கின்றன. ஒரு சின்னப் பிள்ளையின் ஞாபகத்தை வைத்தே தேடலைத் தீவுக்கு வெளியே கொண்டுவந்துவிடலாம் பாருங்கள்.

‘அனாதை’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளில் தாயும் தகப்பனும் இறந்துபோனவர்கள் ஒரு பகுதிதான். தாய் பிரசவத்தில் போயிருப்பாள், தகப்பன் உயிரோடு இருப்பான். அவன் இருட்டோடு பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு) போய் நிற்க வேண்டும். பகலில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடலாம். ராத்திரிக்கு யார்? பால்குடிப் பிள்ளைக்கு யார்? 1930இலிருந்து ரப்பர் விலை சரிந்தபோது வேலையில்லாத தோட்டத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மனைவியை இழந்த ஓர் ஆண் கைக்குழந்தையோடு அத்தனை நாள் கப்பலில் போவது எப்படி? சிஸ்டர்களிடம் விட்டால் பிள்ளை பிழைக்கும் என்று விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. இல்லத்துப் புத்தகத்தில் அந்தப் பிள்ளையும் அனாதைதான்.

சரி, எங்கே தொடங்குவது? கான்வென்ட்டுக்குக் கட்டாயம் எழுதுங்கள், ஆனால் முதல் கடிதம் அங்கே போக வேண்டாம். 1925இல் குழந்தை இயேசுவின் தெரேசாளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கான்வென்ட்களில் தெரேசாக்கள் நிறைய. ‘1930களில் இருந்த தெரேசா’ என்று கேட்டால் எந்தத் தெரேசா என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

அதனால் கல்யாணத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். அதைப் பார்த்துத்தான் சாமியார் கல்யாணப் புத்தகத்தில் எழுதுவார். பெண் எந்தக் கோவிலில், எந்தத் தேதியில் ஞானஸ்நானம் பெற்றாள் என்பது அதில் இருக்கும். கல்யாணம் முடிந்ததும் அந்த விவரத்தை ஞானஸ்நானம் கொடுத்த கோவிலுக்கு எழுதி அனுப்புவார்கள். அங்கே பழைய பதிவின் ஓரத்தில், இன்ன தேதியில் இன்னாருக்கு மணமுடிக்கப்பட்டாள் என்று குறித்து வைப்பார்கள். அந்த ஓரத்துக் குறிப்பில் உங்கள் தாத்தாவின் பெயரைக் கண்டால் அவள்தான் உங்கள் தெரேசா. வேறு எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

1950இல் கல்யாணம் நடந்த கோவில் இன்றைக்கு எந்தப் பங்கில் (பாரிஷில்) சேர்ந்திருக்கிறது என்று பினாங்கு மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பேராக்கும் அந்த மறைமாவட்டம்தான். ஆனால் அது தனி மறைமாவட்டமானது 1955இல்தான். அதற்கு முன் தீபகற்பம் முழுக்க மலாக்கா மறைமாவட்டத்தின் கீழ், ஆயர் சிங்கப்பூரில். பழைய கடிதப் போக்குவரத்து ஏதாவது வேண்டுமென்றால் அந்தப் பக்கமும் கேட்க வேண்டியிருக்கும். பினாங்கில் கான்வென்ட்டுக்குப் பக்கத்திலேயே விண்ணேற்பு அன்னை ஆலயம். தமிழர்களுக்கென்று இருந்தது பினாங்கு ரோட்டில் உள்ள புனித சவேரியார் ஆலயம். இரண்டு இடத்துப் புத்தகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். போர்க்காலத்தில் ஜப்பானியக் கடற்படை அந்தக் கான்வென்ட் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டது, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கைதிகளைக்கூட 1943இல் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அதனால் இல்லத்துக் காகிதங்களைவிடக் கோவில் புத்தகத்தை நான் அதிகம் நம்புவேன்.

அந்தப் புத்தகம் லத்தீனில் இருக்கும். பயப்படாதீர்கள், பத்து வார்த்தை தெரிந்தால் போதும். ‘இக்னோத்திஸ்’ என்றால் பெற்றோர் யாரென்று தெரியவில்லை. ‘பகானிஸ்’ என்றால் பெற்றோர் வேறு சமயத்தவர். பெற்றோரைத் தெரிந்திருந்தும் பெயர் எழுதாமல் இப்படி ஒரு சொல்லோடு விட்டுவிடுவதும் உண்டு. ‘பாத்ரீனுஸ்’ ஞானத்தகப்பன், ‘மாத்ரீனா’ ஞானத்தாய். அன்றைய சாமியார்கள் பலர் பிரெஞ்சுக்காரர்கள். நம் பெயர்களைத் தங்கள் காதில் விழுந்தபடி, தங்கள் எழுத்தில் எழுதினார்கள். முத்து என்ற பெயரில் ‘உ’ வருகிற இரண்டு இடத்திலும் ஓ, யூ என்று இரண்டிரண்டு எழுத்துப் போட்டிருப்பார்கள். ஆகவே இன்றைய ஐசி எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு தேடாதீர்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பதிவில் பெற்றோர் பெயர் இல்லாவிட்டால் பலரும் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை தானாக ரயில் ஏறி வராது. யாரோ டிக்கெட் எடுத்து, கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். அவருக்குப் பிள்ளையின் தாயைத் தெரியும், தோட்டத்தைத் தெரியும். கொண்டு வந்து விட்டவர் யார் என்று தேடுங்கள். ஊர் ஊராகப் போன உபதேசியாராக இருக்கலாம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசராக இருக்கலாம், கங்காணியின் மனைவியாக இருக்கலாம். ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று எழுதிய இடத்தில் அந்தப் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு.

இதை நான் என் அம்மா வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். அவரும் ஒரு கான்வென்ட்டில் வளர்ந்தவர், 1931இல் பிறந்தவர். அவருடைய ஞானஸ்நானப் பதிவைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். பழைய புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை போனபோது வேறொரு பெண் இருந்தார். விவரத்தைக் கேட்டார், உள்ளே போனார், பத்து நிமிடத்தில் புத்தகத்தோடு வந்தார். பெற்றோர் பெயர் இல்லை, ‘பகானிஸ்’ மட்டும்தான். ஆனால் ஒரு தோட்டத்தின் பெயரும், ஞானத்தகப்பனாக ஓர் ஆளின் பெயரும் இருந்தன. அந்தப் பெண்ணிடம் கெஞ்சி, முன்னும் பின்னும் இரண்டு வருடத்துப் பக்கங்களைப் புரட்டச் சொன்னேன். அதே ஆள் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக இருந்தார். மூன்றும் அக்கம்பக்கத்துத் தோட்டங்கள். நான்கு தோட்டத்துக்கும் பொதுவாக இருந்தது ஓர் ஆஸ்பத்திரி. கிராணி வேலை பார்த்தவனுக்கு இது போதாதா? அவர் அந்த ஆஸ்பத்திரி டிரெசர்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருடைய மகள் ஈப்போவில் இருந்தார். தகரப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே அப்பாவின் பாக்கெட் நோட்டுகள், பூச்சி உருண்டை வாசனையோடு. எந்த வருடம் என்று கேட்டு அவரே எடுத்துக் கொடுத்தார். ‘கீழ் லயம், ஏழாம் நம்பர். பிரசவமான ஐந்தாம் நாள் காய்ச்சலில் இறப்பு. பெண் குழந்தை, நலம். தகப்பன் அடுத்த கப்பலில் ஊருக்கு. குழந்தை கான்வென்ட்டுக்கு.’ மேலே என் அம்மாவைப் பெற்றவளின் பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். படித்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் அந்த நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

தோட்டத்தின் பெயர் கிடைத்தால் உங்களுக்கும் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் புத்தகம், ஞாபகம் வரும். கணவன் பெயர், மனைவி பெயர், வேலை நாள், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும், உண்மைதான். ஆனால் அது கிடைப்பது அரிது. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது கணக்குப் புத்தகங்களை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துரையின் உத்தரவு என்று ஸ்டோருக்குப் பின்னால் பழைய செக்ரோல்களை மூட்டை மூட்டையாகப் போட்டு எரித்தோம். தீக்குச்சி கிழித்தவன் நான்தான். என்ன எரிகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கும்போது அந்தப் புகை கண்ணுக்குள் வருகிறது. தோட்டத்துப் பெயரும் வருடமும் கையில் இருந்தால் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும் தட்டிப் பாருங்கள். பிரிட்டிஷார் காலத்து அரசாங்கக் கோப்புகள் அங்கே இருக்கின்றன.

ஜே.பி.என். என்ற தேசியப் பதிவு அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஐசி எடுக்கத் தொடங்கியது 1948இல், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில். சுங்கை சிப்புட்டின் எல்பில் தோட்டத்தில் துரையைச் சுட்டார்களே, அதே வருடம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும். உங்கள் பாட்டி அப்போது கான்வென்ட்டில் இருந்தார். ஆகவே ஐசியில் உள்ள பிறந்த தேதி, தகப்பன் பெயர் எல்லாம் சிஸ்டர்கள் சொன்னதாகத்தான் இருக்கும். அந்தத் தேதி அக்டோபர் 3ஆக இருந்தால் அதை நம்பவே நம்பாதீர்கள். அன்றைக்குத் தெரேசாளின் திருநாள் அதுதான், பிறகுதான் அக்டோபர் 1க்கு மாற்றினார்கள். பாட்டிக்கு வேறு பெயரில், ஒரு தமிழ்ப் பெயரில், பிறப்புப் பதிவு எங்கோ இருக்கலாம். தோட்டம் தெரிந்த பிறகு அதைத் தேடலாம். இப்போதே போய் ‘தெரேசா, தகப்பன் ஜோசப்’ என்று விண்ணப்பம் போட்டுப் பணத்தையும் நாளையும் வீணாக்க வேண்டாம்.

கடைசியாகக் கான்வென்ட் கடிதம். கல்யாணத் தேதி, ஞானஸ்நானத் தேதி, தாத்தா பெயர் மூன்றையும் போட்டு, கான்வென்ட்டை நடத்திய குழந்தை இயேசு சபை சகோதரிகளுக்கு எழுதுங்கள். பெற்றோர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் கொண்டு வந்து விட்டார்கள், எந்த ஊரிலிருந்து, கூட வேறு பிள்ளை வந்ததா என்று கேளுங்கள். அந்தத் தோட்டைப் பற்றியும் எழுதுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 84 வயது. போர் முடிந்தபோது நாலு வயதுப் பிள்ளையாக ஓர் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டவர். அவருடைய தகப்பன் ஜப்பானியர் காலத்தில் ரயில்பாதை போடச் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) போய்த் திரும்பவில்லை என்று மட்டும் தெரியும். எச்சில் அனுப்பிச் செய்யும் டிஎன்ஏ சோதனையில் சொந்தக்காரர்கள் கிடைப்பார்களா? நான் செய்யட்டுமா?
வாசகர், சுங்கைப்பட்டாணி

பதில்: தம்பி, நீங்கள் செய்ய வேண்டாம், அப்பாவைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் சீக்கிரம். அவரிடம் இருப்பதில் பாதிதான் உங்களுக்கு வந்திருக்கிறது. அவருடைய தாய் தகப்பனுக்கு ஒரு தலைமுறை பக்கத்தில் இருப்பவர் அவர். ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குள் சுமார் 12.5 சதவீதம் பொதுவாக இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் அது 3 சதவீதம் சுமாருக்கு இறங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. நம்மவர்கள் மாமன் மகளை, அத்தை மகனை, அக்காள் மகளைக் கட்டி வந்தவர்கள். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டினால் பொதுவான பங்கு கூடிவிடும். கம்பெனி அனுப்பும் தாளில் ‘இரண்டாம் தலைமுறை உறவு’ என்று வரும், உண்மையில் அது நாலைந்து தலைமுறை தள்ளியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா கிடைத்தார் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பின் தெரியாத ஓர் ஆளோடு பெரிய பங்கு ஒத்துப்போனால் மட்டும் எழுதிப் பேசுங்கள்.

சயாம் பற்றி: ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே இறந்த நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒரு பெயர்ப்பட்டியல் கிடையாது. அந்தக் கல்லறைத் தோட்டத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனால் ஆட்களைத் தோட்டம் தோட்டமாகத்தான் பிடித்துப் போனார்கள். ஆகவே ஒரே தோட்டத்தார் பெரும்பாலும் ஒன்றாகப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் திரும்பாதவர்களின் கதையைக் கொண்டு வந்தார்கள். அப்பா எந்தத் தோட்டம் என்பது தெரிந்தால், அங்கிருந்து போய்த் திரும்பியவர்களின் பிள்ளைகளைத் தேடுங்கள். அவர்களுக்கும் இன்றைக்கு எழுபது, எண்பது வயது. அடுத்த பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் அம்மா இல்லத்தில் வளர்ந்தவர். பேச்சை எடுத்தாலே, ‘என்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போனவங்களை எதுக்குத் தேடுற?’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் தேடலாமா?
வாசகி, பந்திங்

பதில்: அவர் இருக்கும்போது அவரைத் தாண்டி எங்கேயும் போகாதீர்கள் அம்மா. அது அவருடைய தாய், அவருடைய தகப்பன். காகிதங்களைப் பத்திரப்படுத்தி வையுங்கள், ஐசி, ஞானஸ்நானச் சான்றிதழ், பழைய படங்கள் எல்லாவற்றையும். அதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

உங்கள் அம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் என் அம்மாவும் சொன்னார். அறுபத்தேழு வயது வரை அப்படியே நம்பினார். நானும் சரி என்று விட்டுவிட்டேன், அவர் 1998இல் இறந்த பிறகுதான் தேடக் கிளம்பினேன். அந்த டிரெசர் நோட்டில் நான் மேலே எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. ‘தகப்பன் பாலுக்கென்று இரண்டு வெள்ளி கொடுத்தான்.’ வெள்ளி என்றால் அன்றைய மலாயா டாலர். அன்றைய நாள் சம்பளம் அரை வெள்ளிக்கும் குறைவு. நாலு நாளைக்கு மேல் உழைத்த காசு. ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிற ஆளிடம் வேறென்ன இருந்திருக்கும்? அந்த வரியை என் அம்மாவுக்குப் படித்துக் காட்ட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கல்லறைக்குப் போய்ச் சத்தமாகப் படித்தேன்.

அதனால் ஒன்று செய்து பாருங்கள். தேடட்டுமா என்று கேட்காதீர்கள். பெற்றவர்களைப் பற்றியும் கேட்காதீர்கள். ஒரு சாயங்காலம், அவர் கீரை ஆய்ந்துகொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ‘அம்மா, உங்களை அங்க கூட்டிக்கிட்டுப் போனவங்க எப்படி இருப்பாங்க, ஞாபகம் இருக்கா?’ என்று கேளுங்கள். என் அம்மாவைக் கைக்குழந்தையாக விட்டதால் அவரிடம் கேட்க அதுவும் இல்லை. உங்கள் அம்மா எத்தனை வயதில் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கிற வயது என்றால், ஒரு சேலையின் நிறமோ, குடையோ, சுருட்டு வாசனையோ அவரிடம் இருக்கும். சொன்னால் எழுதி வைத்துக்கொண்டு எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.